சிடி, டிவிடி மொத்தமா காப்பி போட எது சரி: டவரா, ரோபோவா, இல்ல வெளியே குடுத்துடலாமா?

இந்தக் காலத்துல யாருங்க இன்னும் டிவிடி கேக்குறாங்கன்னு நினைக்கிறவங்களுக்கு: கேக்குறாங்க, நல்லாவே கேக்குறாங்க. சிங்கப்பூர்ல அரங்கேற்றம் முடிஞ்சா அப்பா அம்மாவுக்கு லிங்க் அனுப்பினாலும் கையில ஒரு டப்பா வேணும், கும்பாபிஷேகம் வீடியோ எடுத்தா உபயதாரர் எல்லாருக்கும் ஒண்ணு ஒண்ணு வேணும், பஜனைக் குழு ஒரு ஆடியோ சிடி போட்டா அதை ஊருக்கு எடுத்துட்டுப் போய் பெரியம்மா வீட்டு பழைய பிளேயர்ல போடுவாங்க, அப்புறம் லாயர் ஆபீஸ், ஸ்கேன் சென்டர்னு நம்ம கண்ணுல படாத ஆளுங்க வேற இருக்காங்க. அதனால கேள்வி இன்னும் உயிரோட தான் இருக்கு: நூறு இருநூறு காப்பின்னு வந்தா எந்த மெஷின் வாங்குறது?

எல்லாரும் முதல்ல கேக்குறது "எத்தனை டிரைவ் உள்ளது வாங்கலாம்"னு தான். என்னைக் கேட்டா அது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, மெஷின் பக்கத்துல யாரு நிக்கப் போறா, மேல பிரிண்ட் யாரு போடப் போறா. காப்பி போடுறது மெஷின் வேலை, அது எப்படியும் நடந்துடும், நம்ம நேரத்தைத் தின்னுறது தட்டு மாத்துறதும் பிரிண்ட் எடுக்குறதும் செக் பண்றதும் கவர்ல போடுறதும் தான். டவர்னா, அதாவது பல ரைட்டரை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின மெஷின், தோசைக்கல்லு, பக்கத்துலயே ஆள் நிக்கணும், ஆனா சட்டுசட்டுன்னு வரும். ரோபோன்னா, அதாவது தானே டிஸ்க் மாத்தி தானே பிரிண்ட் போடுற மெஷின், ரைஸ் குக்கர், போட்டுட்டுப் போயிடலாம், ஆனா அது எடுக்குற நேரத்தை எடுக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பாத்தா தெளிவாயிடும். ஒரு டான்ஸ் டீச்சர் வர்றாங்கன்னு வைங்க, மூணு மணி நேர அரங்கேற்றம், 120 குடும்பம், "தம்பி, சனிக்கிழமை கிளாஸுக்குள்ள குடுத்துடுவீங்கல்ல?"ன்னு கேக்குறாங்க. முதல்ல அந்த மூணு மணி நேரத்தை ஒரே டிவிடியில திணிக்கலாமான்னு பாக்கணும். சாதாரண டிவிடி 4.7 ஜிபி தான், மூணு மணி நேரத்துக்குப் பிரிச்சா செகண்டுக்கு மூணரை மெகாபிட் கூட வராது, ஆடியோவும் அதுக்குள்ள தான், அப்போ ஜதி வேகம் எடுக்குறப்ப கையும் காலும் கட்டம் கட்டமா உடைஞ்சு தெரியும், தில்லானாவுக்கு வர்றப்ப கேக்கவே வேணாம். ரெண்டு அடுக்குல எழுதுற 8.5 ஜிபி டூயல் லேயர் இருக்கேன்னா, பிளாங்க் (எழுதாத டிஸ்க்) விலை ஜாஸ்தி, ஃபெயிலும் ஜாஸ்தி, லேயர் மாறுற இடத்துல பழைய பிளேயர் சிலது திக்கும் சிலது நின்னே போயிடும். அதனால ரெண்டு டிஸ்க் செட் தான் சரி. ஆக 240 டிஸ்க்.

டிவிடி 1எக்ஸ்ங்கிறது செகண்டுக்கு கிட்டத்தட்ட 1.385 எம்பி. 8எக்ஸ்ல ஒரு முழு டிஸ்க் எட்டு ஒம்போது நிமிஷம், தட்டு மாத்துற நேரமும் சேத்தா பத்துன்னு வைங்க. ஏழு ரைட்டர் டவர்ல முதல் டிஸ்க்குக்கு 18 ரவுண்டு, ரெண்டாவதுக்கு 18 ரவுண்டு, மொத்தம் 36, அதாவது ஆறு மணி நேரம், பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா எழுந்து போகணும். கம்பேர் ஆன் பண்ணினீங்கன்னா எழுதினதை மறுபடி படிச்சுப் பாக்கும், கிட்டத்தட்ட ரெட்டிப்பு நேரம். ரெண்டு டிரைவ் ரோபோன்னா 120 ஜோடி, ஒரு ஜோடிக்கு பத்து நிமிஷம், 20 மணி நேரம். ஆனா அந்த 20 மணி நேரத்துக்குள்ள பிரிண்டும் முடிஞ்சிருக்கும், நடுவுல பிளாங்க் ரொப்புறதுக்கு மட்டும் நீங்க போனா போதும். டவர்ல ஆறு மணி நேரம்னு சொன்னதுல பிரிண்ட் சேரல. டிஸ்க் டிரே உள்ள சாதா இங்க்ஜெட்ல ஒண்ணு ஒண்ணா வெச்சு எடுத்தா, ஒண்ணுக்கு ஒன்றரை நிமிஷம்னாலே 240-க்கு இன்னொரு ஆறு மணி நேரம். வேகமான மெஷின்னு வாங்கினது எங்க போய் நிக்குது பாருங்க.

சரி, இப்போ ஒவ்வொண்ணா பாப்போம்.

கம்ப்யூட்டர்லயே ரெண்டு மூணு ரைட்டர் மாட்டிக்கிட்டு போடுறது முதல் வழி. காசு கம்மி, டவர் வாங்க மனசு வராதவங்க இங்க தான் ஆரம்பிப்பாங்க. இம்ஜ்பர்ன் மாதிரி இலவச சாஃப்ட்வேர் இருக்கு, கடைசி வெர்ஷன் 2013-ல வந்தது தான், இருந்தும் இன்னும் வேலை செய்யுது, ரெண்டு மூணு விண்டோ திறந்து ஒரே ஐஎஸ்ஓ-வை (டிஸ்க்கோட முழு நகல் ஃபைல்) வேற வேற டிரைவுக்கு அனுப்பலாம். பிரச்சனை எங்க வரும்னா யுஎஸ்பி 2 ஹப்ல. அதுல நிஜமா கிடைக்கிற வேகம் செகண்டுக்கு 30, 35 எம்பி தான், 8எக்ஸ்ல ஒரு டிரைவே 11 எம்பி கேக்கும், மூணு மாட்டினா மூச்சு முட்டும், நாலாவது மாட்டினா டேட்டா வந்து சேராம டிரைவ் நின்னு நின்னு எழுதும். அதுவும் அந்த மெல்லிசு போர்ட்டபிள் ரைட்டர் இருக்கு பாருங்க, லேப்டாப்புக்கு வாங்குறது, அதை இந்த வேலைக்கு வெக்காதீங்க, ஹப்ல இருந்து கரண்டும் பத்தாது, தொடர்ந்து ஓட்டுனா சூடு தாங்காது. கேசுக்குள்ள சாட்டா கேபிள்ல மாட்டுற பெரிய டிரைவ் தான் சரி. இருபது முப்பது காப்பி வரைக்கும் இது போதும், அதுக்கு மேல போனா மவுஸ் கிளிக் பண்ணியே விரல் தேஞ்சிடும்.

அடுத்தது டவர். இது தான் இந்த ஊர்ல சின்ன ஸ்டுடியோ நிறைய பேர் வெச்சிருக்கிறது. கம்ப்யூட்டரே வேணாம், மேல ஒரு ரீடர், கீழ மூணு, ஏழு, பதினொண்ணுன்னு ரைட்டர், நடுவுல கன்ட்ரோலர் போர்டு, ஒரு குட்டி ஸ்கிரீன், நாலு பட்டன். மாஸ்டரை, அதாவது மூல டிஸ்க்கை, மேல போடுங்க, பிளாங்கை கீழ போடுங்க, பட்டனை அமுக்குங்க, அவ்வளவு தான். நான் வாங்கச் சொல்றது ஹார்டு டிஸ்க் உள்ள மாடல். மாஸ்டரை ஒரு தடவை உள்ள ஏத்திட்டா அப்புறம் அது டிஸ்க்கைத் தேடாது, ஒவ்வொரு ரவுண்டும் ஹார்டு டிஸ்க்ல இருந்தே எழுதும், மாஸ்டர்ல ஒரு கீறல் விழுந்து ராத்திரி பூரா போட்ட காப்பி எல்லாம் ஒரே இடத்துல மாட்டிக்கிற தொல்லை இல்ல, ஆறு மாசம் கழிச்சு "இன்னொரு பத்து வேணும்"னு யாராவது வந்தாலும் மாஸ்டரைத் தேடி அலமாரியைக் குடைய வேணாம்.

டவர் வேலை பாக்க ஈஸியா தெரியும், ஆனா அதுக்கு ஒரு கை பழக்கம் வேணும். ஏழு டிரேயும் படிக்கட்டு மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், டிஸ்க் சூடா வரும், இடது கையில எடுத்தது, வலது கையில புதுசுன்னு மேல இருந்து கீழ வரணும், நடுவுல ஒரு ஃபோன் வந்தா போச்சு, எழுதினது எது பிளாங்க் எதுன்னு குழம்பிடும். குழம்பினா அடிப்பக்கத்தை லைட்ல சாய்ச்சுப் பாருங்க, எழுதின வரைக்கும் ஒரு நிறம், எழுதாத ஓரம் லேசா வேற நிறம்னு கோடு தெரியும். டிஸ்க் பூரா நிரப்பியிருந்தா அந்தக் கோடும் தெரியாது, அதனால எழுதினதுக்கு ஒரு ஸ்பிண்டில் (டிஸ்க் கோத்து அடுக்குற குச்சி), பிளாங்குக்கு ஒரு ஸ்பிண்டில்னு ரெண்டை மேஜையோட ரெண்டு பக்கமும் வெச்சுடுறது தான் நல்லது.

ஏழா பதினொண்ணான்னு கேட்டா ஏழு. பதினொண்ணுல ரவுண்டு குறையும், ஆனா ஆள் ஒருத்தர் தான்னா பதினொரு டிரே மாத்துறதுக்குள்ள மேல உள்ளது காத்துக்கிட்டு நிக்கும், சத்தமும் சூடும் அதிகம், பத்து மணிக்கு மேல வீவக அடுக்குமாடி வீட்டுல ஓட்டினா பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டுவாங்க. ரெண்டு பேர் வேலை செய்யுற ஆபீஸ்னா பதினொண்ணு வாங்கலாம்.

ரோபோவுக்கு வருவோம். எப்சன் டிஸ்க்புரொடியூசர், பிரைமெரா, ரைமேஜ் இந்த மூணு பேரும் தான் இதுல பழைய கைங்க. எப்சன் பிபி-100 வரிசையில ரெண்டு டிரைவ், 50 50-ன்னு டிஸ்க் அடுக்குற ரெண்டு ஸ்டாக்கர், தனித்தனி கார்ட்ரிட்ஜா ஆறு கலர் இங்க். உள்ள ஒரு கை இருக்கும், அது பிளாங்கை எடுத்து டிரைவ்ல வைக்கும், எழுதி முடிச்சதை எடுத்து பிரிண்டருக்குக் குடுக்கும், முடிஞ்சதை அடுக்கும். ஒவ்வொரு டிஸ்க்குலயும் வேற வேற பேர் அடிக்கணும்னா, உதாரணத்துக்கு லாயர் ஆபீஸ்ல கேஸ் நம்பர், ஸ்கேன் சென்டர்ல நோயாளி பேர், இதை விட்டா வேற வழி இல்ல, டவர்ல அதை நினைச்சே பாக்க முடியாது. டவர் எப்பவும் ஒரே மாஸ்டரோட நகல் தான், ரோபோ ஒவ்வொண்ணும் வேற வேற டேட்டா எழுதும். மெஷின் விலை தான் இடிக்கும், டவர் சில நூறு வெள்ளின்னா ரோபோ சில ஆயிரம் வெள்ளி, அதுக்கு மேல இங்க்.

ரோபோவுக்கு நம்ம ஊர் ஈரக் காத்து ஒரு எதிரி. ஸ்பிண்டில்ல டிஸ்க் ஒண்ணோட ஒண்ணு லேசா ஒட்டிக்கும், கை ஒண்ணுன்னு நினைச்சு ரெண்டைத் தூக்கும், ரெண்டாவது பாதி வழியில கீழ விழும், இல்ல டிரைவ்குள்ள ரெண்டும் சேந்து போய் மாட்டிக்கும். நைட்டு போட்டுட்டுப் போனவங்க காலையில வந்து பாத்தா பதினாலாவது டிஸ்க்ல நின்னிருக்கும். சீட்டுக்கட்டைக் கலைக்கிற மாதிரி அடுக்கை விரலால பிரிச்சு விட்டு அப்புறம் ஏத்தினா பெரும்பாலும் வராது. ஏர்கான் ரூம்ல வெச்சா இன்னும் நல்லது, ஆனா ராத்திரி பூரா ஏர்கான் ஓடுற கரண்ட் பில்லையும் செலவுல சேத்துக்கோங்க.

ரெண்டுக்கும் நடுவுல அக்ரோநோவா நிம்பின்னு ஒண்ணு இருக்கு, ஒரே டிரைவ், மேல இருந்து டிஸ்க் தானா இறங்கும், 100 வரைக்கும் அடுக்கலாம், விலை ரோபோவை விட ரொம்பக் கம்மி. பிரிண்ட் கிடையாது. என் கணக்குல இது காப்பி போடுறவங்களுக்கு இல்ல, பழைய சிடி டிவிடி ஐநூறு ஆயிரம் வெச்சிருக்கிற ஆளுங்க அதை எல்லாம் ஹார்டு டிஸ்க்குக்கு ஏத்துறதுக்கு நல்ல மெஷின்.

ஆலையில அச்சடிக்கிறது தனிக் கதை. அங்க லேசர்ல எழுதுறதே இல்ல, முதல்ல கண்ணாடி மாஸ்டர், அதுல இருந்து நிக்கல் ஸ்டாம்பர், அதை வெச்சு உருகின பாலிகார்பனேட்டை அச்சுல அடிச்சு, மேல அலுமினியம் பூசி, டிவிடின்னா 0.6 மில்லிமீட்டர்ல ரெண்டு பாதியை ஒட்டி 1.2 ஆக்குவாங்க. முன்செலவு பெருசு, அதனால 500, 1000-னு குறைஞ்ச எண்ணிக்கை கேப்பாங்க, அதுக்கு மேல போகப் போக ஒண்ணோட விலை இறங்கிக்கிட்டே வரும். பெரிய லாபம் என்னன்னா இது எல்லா பிளேயர்லயும் ஓடும், கார்ல இருக்கிற பதினஞ்சு வருஷப் பழைய பிளேயர்லயும் ஓடும், சாயம் வெளுக்குற பேச்சே இல்ல, ஏன்னா லேசர்ல எழுதுற பிளாங்க்ல இருக்கிற சாயமே அதுல இல்ல. ஆல்பம் ஆயிரம் காப்பின்னா யோசிக்காம இங்க போங்க. சிங்கப்பூர்ல இந்த மாதிரி ஆலை நடத்த 2004 சட்டப்படி லைசென்ஸ் வேணும், அதனால ஆர்டர் இங்க எடுத்தாலும் எந்த ஊர்ல அச்சாகுது, எத்தனை நாள்ல கப்பல் இறங்கும்னு முதல்லயே கேட்டுக்கோங்க, தீபாவளி ரிலீஸ்னு போஸ்டர் ஒட்டிட்டு கார்த்திகைக்கு டப்பா வந்தா யாருக்கும் நல்லா இருக்காது.

வருஷத்துக்கு ஒரு தடவை தான் வேலைன்னா மெஷினே வாங்காதீங்க, காப்பி போட்டுத் தர்ற கடையில குடுத்துடுங்க, இதுல யோசிக்க ஒண்ணும் இல்ல. குடுக்குறப்ப என்ன பிராண்ட் பிளாங்க், என்ன வேகம், கம்பேர் பண்ணுவீங்களா, இந்த மூணு கேள்வி கேளுங்க, பதில் சொல்ற விதத்துலயே கடை எப்படின்னு தெரிஞ்சிடும்.

எந்த மெஷின் வாங்கினாலும் பிளாங்க் தப்பா வாங்கினா எல்லாம் வீண். ஜப்பான் தையோ யூடன் இருந்த காலத்துல கண்ணை மூடிக்கிட்டு அதை வாங்கச் சொல்லுவோம், அவங்க 2015-ல டிஸ்க் தொழிலை விட்டுட்டாங்க. வெர்பேட்டிம் பிராண்டும் இப்போ தைவான் சிஎம்சி கையில. ப்ளூரே பக்கம் சோனி 2025 பிப்ரவரியில ரெக்கார்டபிள் டிஸ்க் தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. அதனால ஒரே பிராண்ட், ஒரே லாட், ஒரு அம்பதை வாங்கி பத்தை எழுதி, பழைய மலிவு பிளேயர் ஒண்ணுல கடைசி சாப்டர் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் மொத்தமா வாங்குங்க. கடைசி சாப்டர்னு ஏன் சொல்றேன்னா டிஸ்க் உள்ள இருந்து வெளிய எழுதுது, பிரச்சனை பெரும்பாலும் வெளி ஓரத்துல தான் வரும். வீட்டு பிளேயருக்கு மைனஸ் ஆர் (DVD-R) எடுங்க, பிளஸ் ஆர் (DVD+R) வேணாம், பழசுல மைனஸ் தான் சண்டை போடாம ஓடும். 16எக்ஸ் பிளாங்கை 8எக்ஸ்ல எழுதுங்க. மெதுவா எழுதினா நல்லதுன்னு 1எக்ஸ், 2எக்ஸ்க்கு இறக்குறவங்க இருக்காங்க, இப்போ வர்ற பிளாங்க்ல உள்ள சாயம் அவ்வளவு மெதுவுக்குச் செஞ்சதே இல்ல, பலன் தலைகீழாப் போகும்.

மேல பேப்பர் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டவே ஒட்டாதீங்க. எடை ஒரு பக்கம் சாய்ஞ்சு டிஸ்க் ஆடும், கார் வெயில்ல பசை இளகி ஸ்லாட் பிளேயருக்குள்ள உரிஞ்சுக்கும், அப்புறம் டிஸ்க்குக்கு உங்களையும் பிளேயருக்கு உங்களையும் தான் திட்டுவாங்க. வெள்ளை மேல்பரப்பு உள்ள பிரிண்டபிள் பிளாங்க் வாங்கி எப்சன் எல்805, எல்8050 மாதிரி டிஸ்க் டிரே உள்ள டேங்க் பிரிண்டர்ல போடுங்க, இங்க் செலவு கட்டுப்படும். எடுத்த உடனே ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க, நம்ம ஊர் ஈரத்துக்கு ஒரு நாள் காய விடணும், இல்லன்னா சாமி படத்தோட முகம் மேல் டிஸ்க்கோட அடிப்பக்கத்துல ஒட்டிக்கிட்டு வரும். ஈரக் கை பட்டாலும் கலையாத பளபளப்பு பிளாங்கும் கிடைக்குது, விலை கொஞ்சம் கூட, கோயில் வேலைக்கு அது தான் நல்லது, விபூதிக் கையோட தான் எல்லாரும் வாங்குவாங்க.

பழைய மெஷின் கரோசல் விற்பனை ஆப்ல நிறைய வருது, ஸ்டுடியோ மூடுறவங்க விக்கிறாங்க, நல்ல டவர் அடிமாட்டு விலைக்கும் கிடைக்கும். பாக்கப் போறப்ப உங்க மாஸ்டர், உங்க பிளாங்க் எடுத்துட்டுப் போங்க, எல்லா டிரைவ்லயும் ஒரு ரவுண்டு கம்பேரோட ஓட்டச் சொல்லுங்க. பின்னாடி மூடியைக் கழட்டி கேபிளைப் பாருங்க, அகலமான பட்டை கேபிள்னா அது பழைய ஐடிஇ, அந்த டிரைவ் செத்தா மாத்து கிடைக்காது, வேணாம்னு சொல்லிட்டு வந்துடுங்க. சாட்டான்னா சரி, டிரைவ் டயர் மாதிரி தேயுற சாமான் தான், ஒண்ணு போனா ஒண்ணு மாத்திக்கலாம், ஆனா கன்ட்ரோலர் எந்த மாடலை ஏத்துக்கும்னு கேட்டுட்டு ரெண்டு உபரி டிரைவ் இப்பவே வாங்கி வெச்சுடுங்க, ஏன்னா டிரைவ் செய்யுற கம்பெனியே குறைஞ்சுக்கிட்டு வருது. அமெரிக்காவுல இருந்து வரவழைச்ச டவர்னா பவர் சப்ளை பின்னாடி 115, 230-ன்னு ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கான்னு பாருங்க, 115-ல இருக்கிறதை நம்ம பிளக்ல சொருகினா ஒரே சத்தம் தான். புதுசை வெளிநாட்டுல இருந்து எடுத்தா 9% ஜிஎஸ்டியையும் கணக்குல வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு, கடையில வாங்கின சினிமா டிவிடியை டவர்ல போட்டா பெரும்பாலும் காப்பி ஆகாது, பாதுகாப்பு பூட்டு இருக்கும், மெஷின் கெட்டுப் போச்சுன்னு திருப்பிக் குடுக்கப் போகாதீங்க. நம்ம நிகழ்ச்சி தானேன்னாலும் அதுல சினிமாப் பாட்டுக்கு ஆடியிருந்தா பாட்டோட உரிமை நம்மளோடது இல்ல, காப்பி போடுறதுக்கு முன்னாடி இங்க பாட்டு உரிமையைப் பாத்துக்கிற காம்பஸ் சங்கத்துல கேட்டுக்கிறது நல்லது, கச்சேரி நடத்த வாங்கின அனுமதி காப்பி போடவும் சேத்துன்னு நினைச்சுக்க வேணாம்.

என் தீர்ப்பு கேட்டா இப்படி. மாசத்துக்கு ரெண்டு மூணு நிகழ்ச்சி, ஒவ்வொண்ணுக்கும் அம்பதுல இருந்து இருநூறு வரைக்கும், வேலைக்கு ஒரு ஆள் இருக்காருன்னா: ஹார்டு டிஸ்க் உள்ள ஏழு ரைட்டர் சாட்டா டவர், கூட ஒரு டேங்க் பிரிண்டர், ரெண்டும் சேந்தாலும் ரோபோ விலையில பாதி கூட வராது. ஆள் இல்ல, நீங்களே ஷூட் பண்ணி நீங்களே எடிட் பண்றீங்க, இல்ல டிஸ்க்குக்கு டிஸ்க் டேட்டா மாறணும்: ரோபோ, வலிச்சாலும் ரோபோ. ஆனா ரோபோவுல அவங்க சொல்ற டிரைவும் அவங்க இங்க்கும் தான் போட முடியும், டவர் மாதிரி கையில கிடைச்சதை மாட்டிக்க முடியாது, அதனால சாமான் இன்னும் எத்தனை வருஷத்துக்குத் தருவீங்கன்னு டீலர்கிட்ட எழுத்துல வாங்கிக்கிட்டு அப்புறம் காசு குடுங்க.